எல்.கே.ஜி. டீச்சர் ஏன் ஆன்லைன் வகுப்பு வேண்டாம் என்கிறார்?

கேள்வி: என் பேத்தி தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். மழை விடுமுறை விட்டால் பெரிய வகுப்புகளுக்கு ஆன்லைனில் பாடம் நடக்கிறது. எங்கள் டீச்சர் மட்டும் 'இந்த வயசுக்கு அதெல்லாம் வேண்டாம் சார்' என்று நழுவுகிறார். கொரோனா காலத்தில் எடுத்தார்கள்தானே? தொழில்நுட்பம் தெரியாததை மறைக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். தாளாளருக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த டீச்சர் தன் தொழில் தெரிந்து பேசியிருக்கிறார்.

தொழில்நுட்பம் தெரியாதவர் என்கிறீர்கள். 2020இல் நம் ஊர் நர்சரி டீச்சர்கள் பட்ட பாட்டை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறது. ஜூம், கூகுள் மீட் என்ற பெயர்களையே அந்த வருடம்தான் பலர் கேள்விப்பட்டார்கள். சொந்த போன், சொந்த டேட்டா. எத்தனையோ பள்ளிகளில் பாதிச் சம்பளம், சில இடங்களில் அதுவும் இல்லை. அப்படியும் சமையல்கட்டு மேடையில் போனைச் சாய்த்து வைத்து, கையில் துணிப்பொம்மையை மாட்டிக்கொண்டு கதை சொன்னார்கள். 'கொரோனா காலத்தில் எடுத்தார்கள்தானே' என்று நீங்கள் கேட்பது சரி. எடுத்துப் பார்த்ததால்தான் இன்று வேண்டாம் என்கிறார்கள்.

அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். 'கைவீசம்மா கைவீசு' பாட்டையே எடுத்துக்கொள்வோம். வகுப்பறையில் இருபது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது, பாட்டுத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்ளும். நாலு நாளில் அதுவே சத்தமாக முன்னால் பாடும். ஆன்லைனில் ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். இருபது குரலும் சேர்ந்தால் வெறும் இரைச்சல். வேறு வழியில்லாமல் டீச்சர் எல்லாரையும் மியூட்டில் போடுவார். பிள்ளையைப் பாடச் சொல்லிவிட்டு அதன் குரலை அடைக்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பிள்ளை பாடுவது இதற்குக் கேட்காது. இது பாடுவது யாருக்கும் கேட்காது.

'இது என்ன கலர்?' என்று டீச்சர் கேட்பார். ஒரு நொடி மௌனம். திரைக்கு வெளியிலிருந்து அம்மா கிசுகிசுப்பார். 'மஞ்சள்!' என்று பதில் வரும். பிள்ளைக்குத் தெரியுமா, அம்மாவுக்குத் தெரியுமா? டீச்சருக்கு இதுதான் முக்கியமான கேள்வி, அதற்கு அங்கே விடை கிடையாது. எழுத்து விஷயம் இன்னும் மோசம். பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடிக்கும் பிள்ளையின் விரல்களைப் பிரித்து, அதன் கைமேல் தன் கையை வைத்து 'ட' போட வைப்பதுதான் எல்.கே.ஜி. டீச்சரின் அன்றாட வேலை. போன் வழியாகக் கையை எங்கே பிடிப்பது? மாலையில் வாட்ஸ்அப்பில் நோட்டுப் படங்கள் வரும். எழுத்துகள் கோடு தாண்டாமல் அச்சு மாதிரி இருக்கும். யார் எழுதியது என்று டீச்சருக்குப் பார்த்தவுடன் தெரியும். கேட்கத்தான் முடியாது.

இந்தச் சங்கடத்துக்கு ஆராய்ச்சியும் ஆதரவாக இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி ஒலிகளைப் பழக்கினார்கள். நேரில் விளையாடிப் பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. கைக்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு இது, நாலு வயதுக்கு அப்படியே பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, 2014இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட நம் கதைக்கு நெருக்கமானது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் வீடியோ அழைப்பில் ஒருவர் நேரடியாகப் பேசி, பிள்ளை சொல்வதற்கும் பார்ப்பதற்கும் உடனுக்குடன் பதில் கொடுத்தபோது, புதுச் சொற்களை நேரில் கற்பது போலவே கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. ஆக, பிள்ளைக்கு வேண்டியது தனக்கென்று பதில் சொல்லும் ஒரு ஆள். இருபது கட்டங்களில் இருபது பிள்ளைகளை மியூட்டில் வைத்திருக்கும் டீச்சர் யாருக்கென்று பதில் சொல்வார்?

அரசாங்கமும் இதைப் புரிந்துதான் வைத்திருந்தது. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டு நெறிமுறையில் ஒன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆன்லைன் பாடம் என்பதே கிடையாது. குறித்த நாளில் 30 நிமிடத்துக்கு மிகாமல் பெற்றோரிடம் பேசி வழிகாட்டலாம், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டது.

பின்னே ஏன் நடத்தினார்கள்? நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், பெரும்பாலும் கட்டணத்துக்காக. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 75 சதவீதக் கட்டணத்தைத் தவணையாக, முதலில் 40 சதவீதம், தனியார் பள்ளிகள் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. வகுப்பே நடக்காமல் மழலைப் பிள்ளைக்கு யார் பணம் கட்டுவார்கள்? பள்ளியை நடத்தவும் பணம் வேண்டும், டீச்சர் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும். நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பாரம் முழுக்க டீச்சர்களின் தலையில் இறங்கியது. கேமராவுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு, பயன் இல்லை என்று தெரிந்த ஒன்றைத் தினமும் செய்தார்கள்.

2022 பிப்ரவரி 16 முதல்தான் தமிழ்நாட்டில் நர்சரிப் பள்ளிகளைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு வருடம். டீச்சர்கள் அப்போது பார்த்தது, அம்மா முந்தானையை விடாத, பொம்மையைப் பகிரத் தெரியாத, தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளை. இதில் ஒன்றையும் எந்தத் திரையும் கற்றுத் தந்திருக்கவில்லை.

எல்லா டீச்சர்களும் போனையே ஒதுக்குகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குழு வகுப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வீடியோ அழைப்பில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசியவர்கள் இருந்தார்கள். 'பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்' என்று அம்மாவுக்குக் குரல்பதிவு அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்த வழி பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் புகாரைக் கிழித்துவிட்டு வேறொரு கடிதம் எழுதுங்கள். மழை விடுமுறை நாளில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்து நிமிடம் பேச நேரமும் போன் செலவும் பள்ளி தரட்டும் என்று கேளுங்கள். இருபது பிள்ளைகள் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வாரம் வகுப்பில் என்ன கதை சொன்னார் என்று டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் பேத்தியை அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், இடையில் நிறையக் கேள்வி கேளுங்கள்.