நான்கு காலும் தரையில்: ஆள் மேல் தாவும் பெரிய நாய்க்கான கேள்வி பதில்

பெரிய நாய் ஆட்கள் மேல் தாவுவதைப் பற்றிக் கேட்டிருந்த எல்லோருக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். 22 வருடமாக என் வீட்டில் பெரிய நாய்கள் இருக்கின்றன. முதலில் இரண்டு ராஜபாளையம், அப்புறம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், இப்போது ஒரு லாப்ரடார். அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு நாள் வாசற்படியில் என் அத்தையைப் பார்த்த சந்தோஷத்தில் தாவியது. அத்தை பின்பக்கமாக விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். நாய்க்குத் துளியும் கோபம் இல்லை, பாசம்தான். விழுந்தவருக்கு அதனால் வலி குறையவில்லை. அன்றிலிருந்து இதை யாராவது ‘குறும்பு’ என்று சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

திருச்சியிலிருந்து: அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு 11 மாதம், 31 கிலோ. நான் ஆபீஸ் விட்டு வந்ததும் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்து முகத்தை நக்கப் பார்க்கிறான். ‘நோ நோ’ என்று கத்துகிறேன், தள்ளிவிடுகிறேன். நாளுக்கு நாள் அதிகமாகத்தான் ஆகிறது.

அவன் ஏன் உங்கள் முகத்தைத் தேடுகிறான் என்பதை முதலில் பாருங்கள். வேட்டைக்குப் போய்த் திரும்பும் ஓநாயின் வாயைக் குட்டிகள் ஓடிப்போய் நக்கும். நக்கினால் பெரிய ஓநாய், தின்ற இரையைக் கக்கிக் கொடுக்கும். வீட்டு நாய்க்குட்டியும் தாயின் வாயை அப்படித்தான் நக்குகிறது. வளர்ந்த பிறகும் அது ஒரு வணக்கமாக நிலைத்துவிடுகிறது. உங்கள் வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் எம்ப வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ‘உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது அவன் உங்கள் முட்டியில் கால் வைத்தால் என்ன செய்தீர்கள்? தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். அதே செயலுக்கு இப்போது திட்டு விழுகிறது. நடுவில் என்ன மாறியது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதோடு, அந்தத் திட்டும் அவனுக்குத் திட்டாகப் போய்ச் சேரவில்லை. நாயைப் பார்ப்பது, தொடுவது, அதோடு பேசுவது, இந்த மூன்றும் அதற்குக் கூலி. தள்ளிவிடுவது மல்யுத்தம் மாதிரி இருக்கிறது, கத்துவது கூடச் சேர்ந்து குரைப்பது மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க உங்களுக்காகக் காத்திருந்தவனுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்வது? கோழி ஈரலை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கேட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வரும்போதே நாலைந்து துண்டு கையில் இருக்கட்டும். கேட்டைத் திறக்கிறீர்கள், அவன் ஓடி வருகிறான். அவன் எம்புவதற்கு முன்னால், நான்கு காலும் தரையில் இருக்கிற அந்த நொடியில், ஒரு துண்டைத் தரையில் போடுங்கள். தலை கீழே போகும். நிமிர்வதற்குள் இன்னொன்று. தீனி எப்போதும் கீழேதான் கிடைக்கும் என்றால் அவன் கண்ணும் கீழே தேடப் பழகும். உயரே பிடித்துக் கொடுத்தால் நீங்களே எம்பக் கற்றுக்கொடுத்த மாதிரி.

அதையும் மீறித் தாவினால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். பேச்சு வேண்டாம், பார்வை வேண்டாம். கால் தரைக்கு வந்த உடனே தணிந்த குரலில் ‘நல்ல பையன்’, ஒரு துண்டு. முதுகில் ஏறினால் வெளியே போய் கிரில் கேட்டைச் சாத்திவிட்டுப் பத்து எண்ணி மறுபடி வாருங்கள். சாயங்காலம் ஒரே மூச்சில் எட்டுப் பத்து முறை இப்படி வந்து போங்கள். ஆபீஸிலிருந்து வருகிற ஒரு தடவையை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு பாடம்தான் நடக்கும். ஐந்தாவது ஆறாவது தடவை வரும்போதே அவன் வேகம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கொடுத்த ஈரலுக்குத் தகுந்த மாதிரி ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். லாப்ரடார் சீக்கிரம் எடை போடும்.

நாகர்கோவிலிலிருந்து: நான்கு நாள் திரும்பி நின்று பார்த்தேன். ஐந்தாம் நாள் முன்பைவிட மோசம். சுடிதாரைக் கடித்து இழுக்கிறது. விட்டுவிடலாமா?

தயவுசெய்து இப்போது விட்டுவிடாதீர்கள். மோட்டார் ஸ்விட்சைப் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? நாலு தடவை போட்டுப் போட்டு அணைக்கிறோம், கொஞ்சம் அழுத்தியும் பார்க்கிறோம். நாய் அந்த இடத்தில் நிற்கிறது. இத்தனை நாள் பலித்தது பலிக்கவில்லை, அதனால் இன்னும் பலமாகச் செய்து பார்க்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் ஒரு தடவை இறங்கிப் போனால், ‘துணியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போனால் கிடைக்கும்’ என்று படித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு முறை கிடைக்கிற கூலிதான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துவைக்கும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலி, புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் கண்டது இது.

இன்னொன்று, நீங்கள் திரும்பி நின்றதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கால் தரையில் இருந்தபோது என்ன கொடுத்தீர்கள்? வெறுமனே கண்டுகொள்ளாமல் விட்டால் நாய் தவிக்கும். ‘உட்கார்ந்தால் எல்லாம் கிடைக்கும்’ என்ற பக்கத்தையும் திறந்துவிடுங்கள். துணியைக் கடிக்கிற நாய்க்கு ஆறடிக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, எட்டாத தூரத்தில் நில்லுங்கள். உட்கார்ந்தால் கிட்டே போங்கள், எழுந்து எம்பினால் இரண்டு அடி பின்னால். பத்து நிமிடம் இப்படிப் போய்வந்தால் போதும், கணக்கு அதற்குப் புரிந்துவிடும். உங்கள் துணியும் தப்பும்.

மதுரையிலிருந்து: ஒரு ட்ரெயினர் வந்து, தாவும்போது முட்டியால் நெஞ்சில் இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னங்கால் விரலை மிதிக்க வேண்டும் என்றார். செய்யலாமா?

வேண்டாம். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் நாயிடம் நான் அதைச் செய்தேன். மேலே தாவுவது நின்றது. ஆனால் யாராவது வேகமாக எதிரே வந்தாலே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பயம் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் மனது கனக்கிறது. வரவேற்க வந்த இடத்தில் வலி கிடைத்தால், மனிதர் கிட்டே வந்தாலே வலி என்றுதான் நாய் கற்கும். பயந்த நாய் ஒளியும், ஒளிய இடமில்லாவிட்டால் கடிக்கும். தாவுகிற நாயைவிட அது பல மடங்கு ஆபத்து. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. பின்னங்காலில் நிற்கும் நாயை இடித்துத் தள்ளினால் அந்த மூட்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியாலோ குழந்தையாலோ முட்டியால் இடிக்கவும் முடியாது.

சென்னையிலிருந்து: அபார்ட்மென்ட் நான்காவது மாடி. லிஃப்ட்டில் யார் ஏறினாலும் தாவுகிறது.

லிஃப்ட்டில் மூலையில் நீங்கள் நின்று, நாயை உங்களைப் பார்க்க வைத்து, தளம் வரும்வரை துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். லீஷைக் காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள். நாய் நிற்கவும் உட்காரவும் தாராளமாக இருக்க வேண்டும், முன்னங்காலைத் தூக்க மட்டும் முடியாத அளவு. சுருக்கிடும் சங்கிலியோடு இதைச் செய்யக் கூடாது, அகலமான பெல்ட் வேண்டும். ஏற்கெனவே ஆள் இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருங்கள். டெலிவரிக்கு ஆள் வந்தால் நாயை அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பார்சலை நீட்டிக்கொண்டு அவசரத்தில் நிற்கும் பையனை வைத்துப் பாடம் நடத்த வேண்டாம்.

விருதுநகரிலிருந்து: எங்களுடையது ராஜபாளையம், ஒன்றரை வயது. கூப்பிட்டாலும் அதட்டினாலும் கேட்பதே இல்லை. புது ஆட்கள் மேல் தாவுகிறது.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, காது. வெள்ளை நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, உங்கள் நிழலும் அதன் கண்ணில் படக் கூடாது. காதோ தலையோ அசையவே இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்காத நாய்க்கும் இதே பயிற்சிதான், சொல்லுக்குப் பதில் கைச்சைகை. உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினால் உட்கார், கட்டைவிரலைக் காட்டினால் சபாஷ். செவிட்டு நாயைத் தூக்கத்தில் சட்டென்று தொட்டு எழுப்பாதீர்கள், பதறும்.

இரண்டாவது, அது பாசத்தில்தான் தாவுகிறதா? ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய், வருகிறவர்கள் எல்லோரோடும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அதற்குக் குறைவு. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் வரவேற்பு. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் ஆளையே குத்திட்டு நின்றால் அது எச்சரிக்கை. இரண்டாவது மாதிரி என்றால் விருந்தாளி கையால் தீனி கொடுக்க வைக்காதீர்கள். கட்டியே வையுங்கள், நாயின் நடத்தை தெரிந்த ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். இந்த வேறுபாட்டை எழுத்தில் படித்து முடிவுகட்ட முடியாது.

ஈரோட்டிலிருந்து: நான்கு வயது மகள் கையில் முறுக்கோடு வந்தால் போதும், பாய்கிறது.

குழந்தையால் நாயைப் பழக்க முடியாது, அந்தப் பாரத்தை அவள் மேல் போடாதீர்கள். அவள் தின்னும் நேரத்தில் நாய் கிரில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். நாய் ஓடி வந்தால் ஓடாமல், கத்தாமல், கையை மடக்கி மரம் மாதிரி நிற்கிற விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இருவரையும் தனியே விட்டு ஒரு நிமிடம்கூட அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சேலத்திலிருந்து: வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒழுங்காக இருக்கிறோம். மாமா வந்தால், ‘பரவாயில்லைப்பா, எனக்கு நாய் பிடிக்கும்’ என்று இரண்டு காலையும் பிடித்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். என்ன சொல்வது?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி கடைசியில் இந்த மாமாவிடம்தான் வந்து நிற்கிறது. நாயைக் கண்டு பயப்படுகிறவர் ஒதுங்கிவிடுவார், நாய்க்கு அவரிடம் ஒன்றும் கிடைக்காது. பாசமாக இருப்பவர்தான் ஒரு வாரப் பாடத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார். அவர் கெட்டவர் இல்லை, அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: ‘மாமா, அடுத்து இவன் அம்மா மேல தாவினா அம்மா விழுந்துடுவாங்க. அவன் உட்கார்ந்தப்புறம் எவ்வளவு வேணாலும் கொஞ்சுங்க.’ பெரியவர்களுக்குத் தடை போட்டால் மனம் வருந்தும், வேலை கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். வாசலிலேயே தீனி டப்பாவை அவர் கையில் கொடுத்து, ‘உட்கார வைங்க மாமா, உங்க பேச்சைக் கேக்குறானான்னு பாப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் அவர் கேட்கவில்லை என்றால் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். கால் எழும்பிய உடனே ஒன்றும் சொல்லாமல் இரண்டு அடி பின்னால் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்தால் மறுபடி மாமாவிடம் விடுங்கள். உட்கார்ந்தால் மாமா கிடைப்பார், தாவினால் மாமா தூரமாகிவிடுவார் என்பது நாயின் பக்கமிருந்து தெளிவாகிவிடும்.

பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ இருபது பேர் வருகிற நாளில் பயிற்சி வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் நன்றாக நடக்க வைத்து, சாப்பாடு போட்டு, கடித்து மெல்வதற்கு ஏதாவது கொடுத்து, விசிறி உள்ள அறையில் விடுங்கள். தண்டனை மாதிரி இல்லாமல், நீங்களும் நடுவில் போய்ப் பத்து நிமிடம் கூட உட்காருங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து: வாக்கிங் அதிகமாகக் கூட்டிப்போனால் நின்றுவிடுமா?

குறையும், நிற்காது. வெயிலுக்கு முன் அரை மணி, சாயங்காலம் அரை மணி எப்படியும் வேண்டும். களைத்த நாயும் கதவு தட்டினால் எழுந்து தாவும்.

தஞ்சாவூரிலிருந்து: தாவியதில் பக்கத்து வீட்டு அம்மாவின் கையில் நகம் கீறிவிட்டது. ரத்தம் இல்லை. எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம். விட்டுவிடலாமா?

விடக் கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ரேபிஸ் வகைப்பாட்டில் ரத்தம் வராத கீறலும் இரண்டாம் வகையில் வருகிறது, அதற்குத் தடுப்பூசி உண்டு. முடிவை மருத்துவர் எடுக்கட்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். அந்த அம்மா ‘சின்னக் கீறல்தானே’ என்று மறுத்தாலும் நீங்கள் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நாய் உங்களுடையது. அப்புறம், நாயின் நகத்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை நுனியில் மட்டும் வெட்டிவிடுங்கள்.

கோவையிலிருந்து: மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நான்கு வயது, 38 கிலோ. இந்த வயதில் பழகுமா? அம்மா நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்.

கொடுக்க வேண்டாம். நான்கு வயது நாய் நன்றாகவே கற்கும், குட்டியைவிட நிதானமும் இருக்கும். வீட்டு ஆட்களிடம் மூன்று நான்கு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும், விருந்தாளிகளிடம் அதைவிட அதிக நாள் பிடிக்கும். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

பழகும்வரை உங்கள் மனைவி நிற்கிற இடத்தில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. அவர் வெளியிலிருந்து வரும்போது நீங்கள் முன்னால் போய் நாயைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும். தினமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கிரில்லுக்கு அந்தப் பக்கம் நாயை உட்கார வைத்துச் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தன் கையால் கொடுக்கட்டும். பயிற்சியை உங்கள் அம்மா கண் முன்னாலேயே செய்யுங்கள். அவர் பயம் நியாயமானது, நாய் உட்காருவதைப் பார்க்கப் பார்க்கத்தான் அது குறையும்.

ஏழாவது மாதம் தொடங்கியதும் ஒரு துவாலையைச் சுருட்டி, குழந்தையைப் போல் கையில் ஏந்திக்கொண்டு நீங்கள் வீட்டுக்குள் நடங்கள். கையில் எதையாவது ஏந்தியிருந்தால் மோந்துபார்க்க எம்பாத நாய் குறைவு. அப்போதும் நான்கு கால் தரையில் இருந்தால் ஈரல், எம்பினால் துவாலையோடு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மூவரும் வீடு திரும்பும் நாளில், மனைவி முதலில் வெறுங்கையோடு உள்ளே வந்து நாயைத் தடவிக் கொடுக்கட்டும். நாய் அடங்கிய பிறகு, கயிறு உங்கள் கையில் இருக்க, உங்கள் அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு வரட்டும்.