பதில்: திருமண டிவிடி பாதியில் நின்றுவிடுகிறது

வணக்கம். உங்கள் பெற்றோரின் திருமண டிவிடி பாதியில் உறைந்து நிற்கிறது, பற்பசை தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்குத் தேய்க்க வேண்டாம். வேறு பிரதி இல்லை என்கிறீர்கள், அதனால் முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவோம்.

வட்டை வெதுவெதுப்பான நீரில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் பதிந்திருக்கும் தடம் சுருளாக ஓடுவதால், அதன் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியாகப் பல தகவல்களை மறைத்துவிடும். குறுக்கே விழும் கீறலை, விடுபட்ட சிறு துண்டுகளைக் கணக்கிட்டு நிரப்பும் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

அப்புறம் கணினி டிரைவில் போட்டு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு வட்டையும் நகலெடுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படிப்பதுண்டு. எதைப் படித்தது, எது விடுபட்டது என்று மென்பொருள் குறித்துவைக்கும் அதே பதிவுக் கோப்பைக் கொடுத்து வேறு டிரைவிலும் ஓட்டுங்கள், விடுபட்டதை மட்டும் தேடும்.

அதன் பிறகும் விடுபட்டால்தான் மெருகேற்றல். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. பிளாஸ்டிக்குக்கு அடியில் இருப்பதால் மேலோட்டமான கீறலைத் தேய்த்துக் குறைக்க முடியும். அதற்கும் பற்பசையைவிட பிளாஸ்டிக் பாலிஷ் நல்லது. சிடி என்றால் கதை வேறு: தகவல் லேபிள் பக்கம் மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது, அங்கே விழுந்த ஆழமான கீறலுக்கு மருந்தில்லை.

நகலெடுத்தபின் எவ்வளவு மீண்டது என்று எழுதுங்கள்.