அந்த மூன்று பேர்

அன்புள்ள ஐயா,

கோயமுத்தூரில் முதுகலை உளவியல் படிக்கிறேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வேலை அனுபவம்தான் என் ஆய்வு. படிவத்தில் மூன்று பேர் ஆண், பெண் இரண்டையும் குறிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஓரத்தில் 'திருநம்பி' (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்று எழுதியிருக்கிறார். "எண்ணிக்கை போதாது, எடுத்துவிடு. அது வேற தலைப்பு, மேல்நாட்டுப் பிரச்சினை" என்கிறார் வழிகாட்டி. நான் அவர்களுக்குக் குரல் கொடுக்க விரும்புகிறேன். என்னென்ன படிக்க வேண்டும்?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

மேல்நாட்டுப் பிரச்சினையாம்! 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அதை விடுங்கள். குரல் கொடுக்கிற வேலையும் வேண்டாம் கண்ணு. படிவத்தின் ஓரத்தில் இடம் தேடி எழுதியவர் பேசித்தான் இருக்கிறார். அதை அழிக்கலாமா என்று யோசிப்பது நீங்கள்.

உங்கள் கடிதம் வந்த சமயம் என் மச்சானைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை வீடு பல்லடம் பக்கம். அவரைப் பெண்பிள்ளையாகத்தான் வளர்த்தார்கள். பிற்பாடு திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கழுத்துப்பட்டியில் கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டினால் விட்டுப்போன தையல் அகப்பட்டுவிடும். தன் சட்டை லேபிளை மட்டும் வாங்கிய அன்றைக்கே கத்தரியால் பிரித்துவிடுவார்.

சின்ன வயதில் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். கேள்வியெல்லாம் அத்தையிடம்தான். "தாவணி கட்டிவிட்டா அவுத்து எறிஞ்சர்றாளுங்க" என்றார் அத்தை. துணி உறுத்துகிறது, ஆட்டிசத்தில் இது சகஜம் என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். பல வருடம் கழித்து மச்சான் என்னிடம் சொன்னார்: "துணியும் உறுத்துச்சு, தாவணியும் உறுத்துச்சு. ரெண்டும் வேற வேற சமாச்சாரம். டாக்டரு என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

டாக்டரைத் திட்டிப் பயனில்லை, அவர் படித்த பாடம் அப்படி. 1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அடுத்த வருடம் இன்னொரு மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய 4 பேருமே பையன்கள். பையன்களுக்கு எடுத்த அளவை வைத்தே எல்லோருக்கும் தைத்தார்கள். சட்டை சேராத பெண்பிள்ளைகளுக்கு ஆட்டிசமே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கே இப்போதுதான் கொஞ்சம் சரியாகிவருகிறது.

எண்ணிக்கைக்கு வருகிறேன், எனக்கு எரிச்சல் அதில்தான். 2020-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தது. பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடம் ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. (ஆட்டிசத்தால்தான் பாலினம் மாறுகிறது என்று எழுதித் தொலைத்துவிடாதீர்கள்.) உங்களிடம் வந்த மூன்று பேர் தப்பித்தவறி வந்தவர்கள் அல்ல. மூன்று பேரை வைத்துச் சராசரி போட முடியாது, சரி. உட்கார்ந்து பேச முடியாதா? நீங்கள் எடுத்துவிட்டால், அடுத்து ஆய்வு செய்பவர் உங்கள் அட்டவணையைப் பார்த்து இந்தப் பக்கம் அப்படி யாருமே இல்லை என்று நினைப்பார். அவரும் கட்டம் வைக்க மாட்டார். பிறகு எண்ணிக்கை போதவில்லை என்று அவருடைய வழிகாட்டியும் சொல்வார். எப்படிப் போதும்?

இன்னொன்று. ஆட்டிசம் என்றதும் முப்பது வயது ஆளுக்கும் பெற்றோர் கையெழுத்து கேட்கிறீர்கள். திருநம்பி என்று உங்களுக்கு எழுதியவர் வீட்டில் சொல்லியிருப்பாரா? உங்கள் ஒப்புதல் படிவமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டி எடுக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் அதே கதிதான். அத்தைக்கு மச்சான் மேல் உயிர். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது தாவணியை அவிழ்த்தது மட்டும்தானே.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள், அப்புறம் பார்ப்போம். இந்த வாரமே அந்த மூன்று பேருக்கும் எழுதுங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள், எழுதியே பதில் தரலாம், அவசரமில்லை என்று சொல்லுங்கள். எந்தக் கேள்வி வேண்டாம், எதை விட்டுவிட்டேன் என்றும் அவர்களிடமே கேளுங்கள். படிவத்தில் அம்மாவின் போன் நம்பர் இருந்தால் அதற்கு அனுப்பிவிடாதீர்கள்.