மாதம் 314 வெள்ளிதானே என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். வயது 31, சம்பளம் 3,800 வெள்ளி (ரிங்கிட்). என் ஐபோன் 13 வாங்கி நான்கு வருடமாகிவிட்டது. மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. சில நேரம் 30 விழுக்காடு காட்டும்போதே அணைந்துபோகிறது. புதிய புரோ மாடல் கடையில் 6,000 வெள்ளி. டெல்கோவில் (தொலைபேசி நிறுவனத்தில்) 24 மாத ஒப்பந்தம் போட்டால் 4,200தான், மாதம் 175 கட்டலாம், ஆனால் 139 வெள்ளி பிளான் எடுக்க வேண்டும். இப்போது நான் கட்டுவது 45. வருமான வரியில் 2,500 கழியும் என்கிறார் விற்பனையாளர். வருடா வருடம் மாற்றினால்தான் பழைய போனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறாள் தோழி. ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் மூன்றாவது கணக்கில் உள்ள 3,000 வெள்ளியை எடுத்து ரொக்கமாக வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். எது உண்மையில் மலிவு?

பதில்: சகோதரி, முதலில் பேட்டரியை மாற்றுங்கள். புதிய போன் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

30 விழுக்காட்டில் அணைந்துபோவது பேட்டரி தேய்ந்ததன் அடையாளம். பழைய பேட்டரியில் உள்மின்தடை கூடிவிடும். கேமரா திறப்பது போன்ற வேலைக்குச் சட்டென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது அதன் வோல்டேஜ் விழுந்துவிடும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அப்படி அணைவதைத் தடுக்க ஐபோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. 2017 கடைசியில் இது பெரிய சர்ச்சையாகி, அடுத்த ஆண்டு முழுக்க ஆப்பிள் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. போனே போய்விட்டது என்று நினைத்திருந்த பலருக்குப் பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அதிகபட்சக் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் மாடலின் பேட்டரி 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 80 விழுக்காட்டில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. நான்கு வருடத்தில் நீங்கள் அதை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் மாற்ற 500 வெள்ளி ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பேட்டரி இன்னும் இரண்டு வருடம் ஓடினால் மாதத்துக்கு 21 வெள்ளி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

டெல்கோ ஒப்பந்தத்தில் 1,800 வெள்ளி மிச்சம் போலத் தெரிகிறது. பிளானையும் சேர்த்துக் கூட்டுங்கள். 45 கட்டும் இடத்தில் 139 கட்டினால் மாதம் 94 கூடுதல். 24 மாதத்துக்கு 2,256. போன் விலை 4,200-ஐயும் சேர்த்தால் 6,456 வெள்ளி. கடையில் ரொக்கமாக வாங்குவதைவிட 456 அதிகம். நடுவில் விலக நினைத்தால் அபராதம் வேறு. 139 வெள்ளி பிளானில் வரும் டேட்டா முழுவதும் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் கணக்கு மாறும். 45 வெள்ளி பிளானிலேயே சமாளிக்கிறவருக்கு அது தேவைப்படாது. கையெழுத்துக் கேட்கும் இடத்தில், 175-உம் 139-உம் சேர்ந்த 314 என்ற எண்தான் கண்ணில் படும். உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதுவும் இரண்டு வருடத்துக்கு.

தோழி சொல்வதில் பாதி உண்மை. ஒரு வருடம் ஓடிய போனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் பார்க்க வேண்டியது கிடைக்கும் விலையை அல்ல, இழக்கும் தொகையை. 6,000 வெள்ளி போனை ஒரு வருடம் கழித்து 4,000-க்கு விற்றால் மாதத்துக்கு 167 வெள்ளி கரைந்திருக்கிறது. அப்படியே ஐந்து வருடம் மாற்றிக்கொண்டே போனால் 10,000. அதே போனை ஐந்து வருடம் வைத்து, நடுவில் 500-க்குப் பேட்டரி மாற்றி, கடைசியில் 1,000-க்குத் தள்ளினாலும் போனது 5,500தான். மாதம் 92. விற்கும் விலைகளை நான் தோராயமாகத்தான் வைத்திருக்கிறேன். பிராங்கின் மாலில் இரண்டு மூன்று கடைகளில் உங்கள் மாடலுக்கு விலை கேட்டு, அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். முதல் வருடத்தில்தான் விலை அதிகம் விழுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் அது இன்னும் வேகம்.

வரி விஷயம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. பலரை இப்படித்தான் நம்ப வைக்கிறார்கள். 2,500 வெள்ளி என்பது வாழ்க்கைமுறைக் கழிவின் உச்சவரம்பு. அது வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து கழியுமே தவிர, கையில் திரும்பி வராது. உங்கள் 3,800 சம்பளத்தை வருடத்துக்குக் கணக்கிட்டு, தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000 இரண்டையும் எடுத்தால் மிஞ்சுவது 33,000-க்குள். அந்தப் படியில் வரி 3 விழுக்காடு. ஆகவே 2,500-க்கு உங்களுக்கு மிச்சமாவது 75 வெள்ளி! ஓவர்டைம் சேர்ந்து மேல் படிக்குப் போனால் கொஞ்சம் கூடும். உங்கள் பெயரில் உள்ள வீட்டு இணையக் கட்டணமும் வாங்கும் புத்தகங்களும் இதே 2,500-க்குள்தான் அடக்கம் என்பதால், அதில் ஒரு பகுதியை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டும் இருக்கலாம்.

இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது 2024 மே மாதம் வந்த வசதி. அவசரத்துக்கு நல்லது, போனுக்கு அல்ல. 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. வருடம் 6 என்றே வைத்தாலும் 12 வருடத்தில் பணம் இரட்டிப்பாகும். உங்கள் 55 வயதில் அந்த 3,000 ஏறக்குறைய 12,000-ஆக இருக்கும்.

கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டித் தவணை, மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும் சரி. தவறினால் வருடத்துக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறலாம்.

எப்போது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும்போது. இப்போது வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கின்றன. போன்தான் உங்கள் சேமிப்புக்குச் சாவி. பழைய மென்பொருளில் அதை வைத்திருப்பது ஆபத்து. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-இன் ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. உங்களுடையது 2021 மாடல், ஆகவே பயமில்லை. அடுத்து ஆண்ட்ராய்டு பக்கம் போவதாக இருந்தால் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பதைத்தான் முதலில் கேளுங்கள். கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசையிலிருந்து ஏழு வருடம் என்று அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. ஏபி செட் (நிறுவனத்தின் அதிகாரபூர்வ விற்பனை வழியாக இல்லாமல் தனியாக இறக்குமதி செய்தது) மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் கடைக்காரரின் வாரண்டி மட்டும்தான். பல வருடம் வைத்திருக்கப் போகிறவர், நிறுவனமே இங்கே விற்கும் மலேசியா செட் வாங்குவதே நல்லது.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். வேலைக்கு மோட்டாரில் போகிறீர்களா? போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. வெயிலில் மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜ் போட்டால் புதுப் பேட்டரியும் சீக்கிரம் தேயும்.

இந்த வாரம் போனை பேக்கப் எடுத்துவிட்டு சர்வீஸ் மையத்தில் நேரம் வாங்குங்கள். மாதம் 314 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதில் 100-ஐ மட்டும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டு வருடத்தில் 2,400 சேரும். பழைய போனை விற்ற காசும் சேர்ந்தால், ஒரு நடுத்தர போனை யாரிடமும் கையெழுத்துப் போடாமல் வாங்கிவிடலாம்.