காட்டேரியில் ரயில் நிற்குமா? மலை ஊர்ப் பெயர்கள்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி, பழனி மலை ஊர்ப் பெயர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதி பேர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். மீதி பேர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள்.

கே: ஊட்டி மலை ரயில் பாதையில் 'காட்டேரி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதாமே! ரத்தக் காட்டேரி பெயரையா ஸ்டேஷனுக்கு வைப்பார்கள்? — வாசகி, மதுரை

காட்டேரி என்பது குன்னூருக்கு அருகே உள்ள படுகர் கிராமம். பேய்க்கும் அதற்கும் காதில் விழும் ஒலியைத் தவிர வேறு உறவு கிடையாது. அங்கே சுமார் 180 அடி உயரத்தில் ஓர் அருவி இருக்கிறது. 1904-ல் தொடங்கிய அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அந்த அருவித் தண்ணீரில்தான் மின்சாரம் எடுத்தார்கள். காட்டேரி கொடுத்த கரண்டில் அரவங்காடு ஓடியது என்று சொன்னால் வெளியூர்க்காரர் பேய்க்கதை என்றுதான் நினைப்பார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது 'ரோடு' என்ற பின்பாதியை. ஸ்டேஷன் பெயரில் 'ரோடு' வந்தால், ஊர் அங்கே இல்லை, அங்கே இறங்கி சாலை வழியாகப் போக வேண்டும் என்று பொருள். இதில் ஏமாறுகிறவர்கள் கொடைரோட்டில்தான் அதிகம். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருப்பது அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து கொடைக்கானல் மலைப்பாதை வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பஸ்ஸில் 3 மணி நேரம் பிடிக்கும். தங்கும் அறையில் 'காலை 7 மணிக்கு வந்துவிடுவோம்' என்று சொல்லிவிட்டு 6.30-க்கு கொடைரோட்டில் இறங்கினால் கணக்கு தப்பும். எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்பதில்லை என்பதால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் நிறுத்தம் உண்டா என்று பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திண்டுக்கல்லில் இறங்கலாம். மதுரைக்காரரான உங்களுக்கு ரயிலே தேவையில்லை, ஆரப்பாளையத்தில் நேரடி பஸ் இருக்கிறது.

கே: வத்தலக்குண்டு ஒல்லியா, குண்டா? — வாசகர், திண்டுக்கல்

பெயரிலேயே இரண்டும் இருக்கும்போது பஞ்சாயத்து எதற்கு? அங்கிருந்து மலை ஏறினால் வேடிக்கை இன்னும் கூடும். முதலில் 'காட்ரோடு'. காட்டுக்குள் போகிற ரோடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மலைப்பாதையை ஆங்கிலத்தில் 'காட் ரோடு' என்பார்கள், அதுவே ஊராகிவிட்டது. பொருள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காட்டு ரோடுதானே!

மேலே டம் டம் பாறை. அங்கே நின்றால் எதிர்ப்பக்க மலையில் எலிவால் அருவி தெரியும். தலையாறு அருவி என்பது அதன் இன்னொரு பெயர். 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றைக் கோடாக விழுவதால் எலிவால் என்பது பொருத்தமான பெயர்தான். பார்க்கப் போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை பெய்த கையோடு, காலை நேரத்தில் போகவும். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு கிளம்பி அருவியை மூடிவிடும். கோடையில் வால் மெலிந்து பாறையோடு பாறையாகிவிடும். அருவி வெகு தூரத்தில் இருப்பதால் பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். செல்போன் கேமராவில் வெள்ளை நூல்தான் விழும்.

கே: கோத்தகிரி பக்கம் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். தும்மனட்டி, கக்குச்சி, பாலாடா, உல்லாடா என்று பிள்ளைகள் ஊர் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது? — ஆசிரியை

பெயரின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

'ஹட்டி' என்றால் படுகர் குடியிருப்பு. தமிழில் எழுதும்போது ஹகரம் உதிர்ந்து 'அட்டி' ஆகிவிடும். தும்மனட்டியில் தும்மல் எதுவும் இல்லை. அதை தும்மன் ஹட்டி என்று பிரித்துப் படிக்க வேண்டும். பேரட்டி, கல்லட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வருபவைதான். இடுஹட்டி மட்டும் ஹகரத்தை விடாமல் வைத்திருக்கிறது. 'பெட்டா' என்றால் மலை, 'தொட்ட' என்றால் பெரிய. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை 'தொட்டபெட்டா மலைச் சிகரம்' என்று எழுதுகிறவர்கள் 'பெரிய மலை மலைச் சிகரம்' என்று எழுதுகிறார்கள். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'தொரை' என்றால் ஓடை. கூக்கல்தொரை, கெந்தொரை என்பதைக் கேட்டுவிட்டு எந்த வெள்ளைக்காரத் துரை என்று தேட வேண்டாம். 'மந்து' தோடர் குடியிருப்பைக் குறிக்கும். உதகமண்டலம் என்று இன்று கம்பீரமாக ஒலிக்கும் பெயருக்குள்ளும் ஒரு மந்து ஒளிந்திருக்கிறது. 1821-ல் சென்னைப் பத்திரிகையில் வெளியான ஒரு கடிதம் அதை 'வோட்டோக்கிமண்ட்' என்று எழுதியது. 'கொக்கால்' என்றால் கோத்தர் ஊர். கொக்குக்குக் கால் தேட வேண்டாம்.

பாலாடா, உல்லாடா, ஈளாடா ஆகிய மூன்றையும் பஸ் கண்டக்டர் அடுத்தடுத்துக் கூவினால் யாரையோ அதட்டுவது போலத்தான் இருக்கும். கேத்தி பாலாடாவில் காலையில் போய்ப் பாருங்கள். கேரட் மூட்டையை மெஷினில் கொட்டி, தண்ணீர் பீய்ச்சி, மண் போகச் சுற்றவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று வெளியே தள்ளிக்கொண்டிருப்பார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற அந்த மூட்டைகளின் ஊரை யாரும் 'டா' போட்டுக் கிண்டல் செய்வதில்லை.

ஆசிரியை என்பதால் ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள், 'திருத்தவும்' செய்யாதீர்கள். இடுஹட்டியை இடுகட்டி என்று தமிழ்ப்படுத்தினாலும், கக்குச்சியில் ஓர் ஒற்றெழுத்தை விட்டாலும், பத்து வருடம் கழித்து மாற்றுச் சான்றிதழ் ஒரு மாதிரியும் ஆதார் ஒரு மாதிரியும் நிற்கும். சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைதான் அலைய வேண்டும். ஆதாரையோ குடும்ப அட்டையையோ வாங்கி, ஒன்றைத் தேர்ந்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கும் அதே விதி.

கே: எங்கள் ஊர் பந்தலூர் தாலுகாவில் எருமாடு. கோவை ஹாஸ்டலில் ஊர் பெயரைச் சொன்னதிலிருந்து என் பெயரே போய்விட்டது. என்ன செய்யலாம்? — கல்லூரி மாணவர்

முதல் வாரத்தில் முகம் சுளித்தால் மூன்று வருடமும் அதுதான் பெயர். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. 'ஊட்டிப் பக்கம்' என்று மழுப்பவும் முடியாது. உங்கள் ஊருக்கு ஊட்டியைவிட வயநாட்டு சுல்தான் பத்தேரிதான் பக்கம். அந்தப் பத்தேரியோ, திப்பு சுல்தான் படையின் 'பேட்டரி', அதாவது வெடிமருந்துக் கிடங்கு. அதற்கு முன் அதன் பெயர் கணபதிவட்டம். பக்கத்து ஊர் அய்யன்கொல்லியைச் சொன்னால் நண்பர்கள் அடங்கிவிடுவார்கள்: யாரைக் கொன்றார்கள் என்று கேட்பார்கள். யாரையும் இல்லை, அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லி என்றால் மலைச்சரிவில் நீர் இறங்கும் பள்ளம்.

கே: ரன்னிமேடு எந்த மேட்டில் இருக்கிறது? — வாசகர், மேட்டுப்பாளையம்

இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில். 1215-ல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த புல்வெளிதான் 'ரன்னிமீட்'. அந்தப் பெயரை மலை ரயில் ஸ்டேஷன் ஒன்றுக்கு வைத்தார்கள். நம் நாக்கு ஆற்றோரத் தாழ்நிலத்தைத் தூக்கி மேடாக்கிவிட்டது. கூடலூர் ஓவேலியும் இப்படித்தான். ஆக்டர்லோனி என்ற தோட்டத்துரையின் பெயரால் வழங்கிய பள்ளத்தாக்கு, வாயில் நுழையாததால் ஆங்கில முதலெழுத்தான 'ஓ'வோடு சுருங்கி 'ஓ வேலி' ஆனது. இந்த 'வேலி' பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இப்போது அது ஒரு பேரூராட்சி. வேலி போட்டது யார் என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. ஊட்டியில் ஆட்டோக்காரரிடம் 'கைகாட்டி மரம்' என்றால் விழிப்பார், 'பிங்கர்போஸ்ட்' என்றால் கூடுதல் கலெக்டர் அலுவலக வாசலில் இறக்கிவிடுவார்.

கே: கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி எங்கள் ஊர். மலைப்பூண்டு விளைகிற ஊருக்குப் பூண்டி என்று பெயரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆன்லைனில் வாங்கும் பொருள் வேறு பூண்டிக்குப் போய்விடுகிறதே! — வாசகர்

திருவள்ளூரில் நீர்த்தேக்கம் உள்ள பூண்டி, தஞ்சைப் பக்கம் மாதா கோயில் பூண்டி என்று பூண்டிகள் பல. முகவரியை இந்த வரிசையில் எழுதுங்கள்: வீட்டு எண், தெரு, பூண்டி கிராமம், பிறகு உங்கள் தபால் அலுவலகத்தின் பெயர், கொடைக்கானல் தாலுகா, திண்டுக்கல் மாவட்டம், பின்கோடு. ஊர்ப் பெயரும் தபால் அலுவலகத்தின் பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

1972 முதல் நடப்பில் உள்ள பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம்தான் பார்சலை எந்த மாவட்டப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. உங்களுடையது 624-ல் தொடங்க வேண்டும். 602 என்று இருந்தால் திருவள்ளூருக்குப் போய்விடும். செயலியில் ஊர்ப் பெயரைத் தட்டியதும் தானாக விழுகிற முகவரியை நம்பாமல், முதலில் பின்கோடு, அப்புறம் ஊர் என்று நிரப்புங்கள். கூடலூர்க்காரர்களுக்கும் இதையே சொல்கிறோம்: நீலகிரி 643, தேனி 625. நீலகிரியில் கொல்லிமலை என்று ஒரு கோத்தர் கிராமம் உண்டு. வரைபடத்தில் அதைத் தேடினால் நாமக்கல்லின் கொல்லிமலையில் போய் நிற்கும், ஜாக்கிரதை.

கே: எங்கள் கிராமத்துப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இளைஞர்கள் துடிக்கிறார்கள். முறை என்ன? — ஊராட்சி உறுப்பினர், நீலகிரி

முதல் படி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் தீர்மானம் போடுங்கள். பழைய பெயர், புதிய பெயர், இரண்டின் தமிழ், ஆங்கில எழுத்து, மாற்றத்துக்கான காரணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாசில்தார், கலெக்டர் வழியாக அரசுக்குப் போகும். மாநில அரசு ஏற்றால் மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆட்சேபணையின்மை வேண்டும். அது ரயில்வே, தபால் துறை, சர்வே ஆஃப் இந்தியா ஆகியவற்றைக் கேட்கும். அதன் பிறகே அரசாணை, அரசிதழ்.

கோப்பு எங்கே விழும் தெரியுமா? 1953-ல் வகுத்த வழிகாட்டுதல் இன்னும் நடப்பில் இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது, வரலாற்றுத் தொடர்புள்ள பெயரைத் தொடக் கூடாது, தலைவர்களைக் கௌரவிப்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது, புதுப் பெயரில் அக்கம்பக்கத்தில் இன்னொரு ஊர் இருக்கக் கூடாது. இளைஞர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் 'தலைவர் பெயர் + நகர்' கடைசி இரண்டிலும் மாட்டும். பெயர் இழிவாக இருப்பது வலுவான காரணம்தான். ஹரியானாவில் 'அழுக்கு' என்று பொருள்படும் கந்தா என்ற ஊரின் பள்ளி மாணவி பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு, அது அஜீத் நகர் ஆனது.

எழுத்தை மட்டும் திருத்துவதும் லேசில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் ஆங்கிலத்தில் எழுத்து நீண்டுகொண்டே போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

மாற்றம் கிடைத்துவிட்டாலும் பட்டா, பத்திரம் தானாக மாறாது. புதிய பத்திரம் எழுதும்போது 'முன்பு இன்ன பெயரால் வழங்கப்பட்ட' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், அரசிதழ் நகலை ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். எங்களைக் கேட்டால், ஒரு படுகர் சொல்லோ தோடர் சொல்லோ தமிழ்க் காதில் சிரிப்பாக விழுகிறது என்பதற்காக இவ்வளவு பாடு வேண்டாம். நிஜமாகவே வசைச் சொல்லாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கே: வெளிநாட்டிலும் இப்படி உண்டா? — வாசகர், பழனி

தாராளமாக. ஸ்காட்லாந்தில் 'டல்' என்று ஒரு கிராமம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 'போரிங்' என்று ஓர் ஊர். வில்லியம் போரிங் என்ற குடியேறியின் பெயரால் வந்தது. 2012-ல் இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டன. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து 'பிளாண்ட்' என்ற வட்டாரமும் சேர்ந்தது. மந்தம், சலிப்பு, சப்பு மூன்றும் கைகோத்ததும் சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கே: கல்யாணம் ஆனதும் லவ்டேல் ஸ்டேஷன் போர்டு முன் போட்டோ எடுக்க ஆசை. அனுமதி உண்டா? — வாசகி, ஈரோடு

பெயரில் லவ் இருப்பதால் இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. குன்னூரிலிருந்து வரும்போது ஊட்டிக்கு முந்தைய கடைசி ஸ்டேஷன் அது. ரயில் நிற்கும் நேரம் குறைவு, இறங்கி ஏறி எடுப்பதற்குள் கிளம்பிவிடும். ஊட்டியிலிருந்து காரில் போய், பிளாட்பாரத்தில் போர்டு பக்கம் நின்று எடுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்: ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பெரிய கேமரா, ஸ்டாண்டு, லைட் எல்லாம் கொண்டுபோவதானால் ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.