மாடி ரூமுக்கு வைஃபை வரலைன்னு கேட்ட காட்பாடி தம்பிக்கு

ஆறு பேர், 100 எம்பிபிஎஸ் பிளான், மாடியில 4 தான் வருதுன்னு எழுதியிருக்கீங்க. பிளானை ஏத்தாதீங்க, காசு வீண். ராத்திரி 10 மணிக்கு எல்லார் போனையும் வைஃபையிலிருந்து எடுத்துட்டு, லேப்டாப்பை லேன் கேபிள்ல ரூட்டரோட நேரா மாட்டி ஸ்பீடு பாருங்க. 90 வந்தா லைன்ல குறையில்ல, வைஃபைதான்.

வீட்டுக்கு வீடு ரூட்டர் இருக்கிற தெருவுல வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில நெரிசல்தான். ரூட்டர் செட்டிங்ஸ்ல சேனலை (அந்த அலைவரிசைக்குள்ள இருக்கிற பாதை) 1, 6, 11ல காலியா இருக்கிறதுக்கு மாத்துங்க, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்னு வைங்க. இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் தளத்தைத் தாண்டத் திணறும். அதனால மாடிக்கு கேட்6 ரக லேன் கேபிள் இழுத்து பழைய ரூட்டரை வைங்க. அதுல டிஹெச்சிபியை (ஒவ்வொரு போனுக்கும் ஐபி முகவரி கொடுக்கிற வசதி) அணைச்சுடுங்க. முதல் ரூட்டரோட ஐபி முகவரி 192.168.1.1ன்னா இதுக்கு 192.168.1.2ன்னு வைங்க. கேபிளை மாடி ரூட்டரோட வான் போர்ட்டுல (இன்டர்நெட் லைன் மாட்டுற இடம்) இல்ல, லேன் போர்ட்டுல சொருகணும். இங்கதான் பலபேர் கோட்டை விடுறாங்க. ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புற கருவி) வேண்டாம், பலதுல வேகம் பாதியாயிடும்.

எல்லாரும் வைஃபையில சேர்ந்தப்புறம் மட்டும் வேகம் இழுத்தா, யாரோ ஒருத்தரோட போட்டோ பேக்கப் அப்லோடை அடைச்சுட்டிருக்கலாம். அதை விடியக்காலைக்குத் தள்ளுங்க.