முள் அசையாது, காற்று போய்க்கொண்டே இருக்கும்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் எழுதுபவர் டர்பனில் ரயில் எஞ்சின் பணிமனையின் பிரேக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ரயிலில் காற்று கசிந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் கசிவைக் கண்டுபிடிக்க எச்சரிக்கைக் கருவி எதற்கு? வண்டி நின்றுவிடப் போகிறது, அதில் என்ன ஆபத்து?
*– வாசகர், லேடிஸ்மித்*

ஐயா, நீங்கள் படித்தது சரி. ஆனால் அது பாதிதான்.

1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதலில் செய்த காற்று பிரேக்கில், பிரேக் வேண்டும்போதுதான் குழாயில் காற்று போகும். குழாய் அறுந்தால் பிரேக்கும் போயிற்று. மூன்று ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாய் எப்போதும் காற்றால் நிறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் குறைந்தால் பெட்டியின் வால்வு தன் தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்கு அனுப்பிவிடும். ரயில் இரண்டாக அறுந்தாலும் இரண்டு பாதியும் நிற்கும். எத்தனை கோடி உயிர்களை இந்த ஒரு யோசனை காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆனால் அந்த வால்வு, அழுத்தம் குறைவதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதையும் பார்க்கிறது. பன்னாட்டு ரயில்வே ஒன்றியத்தின் விதிப்படி, 6 விநாடியில் 60 கிலோபாஸ்கல் இறங்கினால் வால்வு செயல்பட்டாக வேண்டும். 1 நிமிடத்தில் 30 கிலோபாஸ்கல் மட்டும் இறங்கினால் அது செயல்படக் கூடாது. ஏன் கூடாது? கசியாத ரயில் உலகத்தில் இல்லை. சிறு கசிவுக்கெல்லாம் பிரேக் பிடித்தால் ஒரு வண்டியும் நிலையத்தை விட்டு நகராது. இதன் மறுபக்கம் என்னவென்றால், மெதுவான கசிவு அந்த வால்வின் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்து, எஞ்சினுக்கென்று தனி பிரேக் இருக்கிறது. அதற்கான காற்று எஞ்சினின் பிரதானத் தொட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டியைக் கம்பிரசர்தான் நிரப்புகிறது. எஞ்சினை அணைத்தால் கம்பிரசர் நிற்கும். அப்புறம் ஒவ்வொரு வாஷரிலும் ஒவ்வொரு மூட்டிலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, பிரேக் கட்டையை அழுத்திப் பிடித்திருந்த விசை தளர்ந்துகொண்டே வரும்.

கனடாவில் லாக்-மெகாண்டிக் என்ற சிற்றூரில் 2013 ஜூலை 6-ஆம் தேதி நடந்தது இதுதான். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டாங்கி வேகன்கள். ஊருக்கு மேலே ஒரு சரிவில் இரவு நிறுத்திவிட்டு டிரைவர் ஓய்வுக்குப் போனார். முன் எஞ்சினில் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள், அதுதான் முறையும்கூட. மற்ற எஞ்சின்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. பிரேக்குக்கு காற்று ஊட்ட ஒன்றுமில்லை. பெட்டிகளின் தானியங்கி பிரேக்கும் போடப்பட்டிருக்கவில்லை. எஞ்சின் பிரேக்கின் காற்று ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிப்போக, ஆளில்லாத ரயில் தானாக உருளத் தொடங்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஊர் நடுவே கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள்.

கைபிரேக் போடாமல் இல்லை, 7 போட்டிருந்தார்கள். அவை வண்டியைத் தாங்குமா என்று இழுத்துப் பார்த்த சோதனையை எஞ்சினின் காற்று பிரேக் பிடித்திருக்கும்போதே செய்தார்கள். கைபிரேக் தாங்குவதுபோல் காட்டியது உண்மையில் காற்றுதான். எங்கள் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இதை முதல் நாளே சொல்வேன்: ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதை விட்டுவிட்டுச் சோதி.

ஆகவே ஐயா, ஓடுகிற வண்டியில் சட்டென்று அறுகிற குழாயைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை, அதற்கு வால்வு இருக்கிறது. சத்தமில்லாமல் வடிகிற காற்றுக்குத்தான் கருவி வேண்டும்.

கேள்வி: என் மகன் டிரைவர் பயிற்சியில் இருக்கிறான். எஞ்சினில் காற்றழுத்தமானி இருக்கும்போதே, "காற்று ஓட்டம்" என்று இன்னொரு முள்ளையும் கவனிக்கச் சொல்கிறார்களாம். அதோடு ஒரு விளக்கும் ஒலிப்பானும் இருக்கிறதாம். ஒரே விஷயத்துக்கு எதற்கு இத்தனை?
*– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

அம்மா, அவை ஒரே விஷயம் இல்லை.

உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வால்வு இருக்கிறது அல்லவா? கீழே எங்கோ குழாய் ஒழுகினாலும் தொட்டி நிறைந்தே தெரியும்; குறைகிற தண்ணீரை மிதவை உடனுக்குடன் ஈடு செய்துவிடும். ஒழுகலைக் காட்டிக்கொடுப்பது வாசலில் இருக்கும் நகராட்சி மீட்டர்தான். எஞ்சினிலும் இப்படியே. டிரைவரின் பிரேக் வால்வு, கசிவால் குழாயில் காற்று குறையும்போதெல்லாம் பிரதானத் தொட்டியிலிருந்து ஊட்டி, 500 கிலோபாஸ்கல் என்றால் 500-இலேயே நிறுத்தி வைக்கும். அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்கும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, தன் பின்னால் எவ்வளவு காற்று வீணாகிறது என்று தெரியவே தெரியாது.

ஓட்டமானி அந்த ஊட்டும் வழியில் உட்கார்ந்திருக்கிறது. குழாயின் நடுவே ஒரு குறுகிய துளை. துளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்தால் எவ்வளவு காற்று போகிறது என்று தெரிந்துவிடும். வண்டியை முதலில் நிரப்பும்போது முள் உச்சிக்குப் போகும். நிரம்ப நிரம்ப இறங்கி, ஓர் இடத்தில் நிலைக்கும். அந்த நிலைத்த அளவுதான் ரயிலின் மொத்தக் கசிவு. உங்கள் மகன் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்தை. பாதி வழியில் பிரேக் கைப்பிடியைத் தொடாமலேயே முள் அங்கிருந்து எழுந்தால், பின்னால் ஏதோ நடந்திருக்கிறது: ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், இணைப்பு விட்டிருக்கலாம், வேகன்கள் பிரிந்திருக்கலாம். விளக்கும் ஒலிப்பானும் அந்த எழுச்சிக்குத்தான். இந்திய ரயில்களின் எஞ்சின்களில் இதோடு ஒரு மின்னும் விளக்கையும் வெளியே வைத்திருக்கிறார்கள்; பிரிந்த வேகன் பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்து கிடக்கலாம் என்று எதிரே வருகிற டிரைவரை எச்சரிக்க. மிக நல்ல ஏற்பாடு.

எவ்வளவு கசிவு வரை பொறுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், ஊட்டுவதை அடைத்துவிட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 பவுண்டு, அதாவது சுமார் 35 கிலோபாஸ்கலுக்கு மேல் இறங்கக் கூடாது. அல்லது ஓட்டமானி நிமிடத்துக்கு 60 கன அடிக்கு மேல் காட்டக் கூடாது. 60 கன அடி என்றால் 1,700 லிட்டர் காற்று! இவ்வளவு கசிந்துகொண்டே ஒரு வண்டி முறைப்படி புறப்படலாம் என்று கேட்டால் வெளியாட்களுக்குத் தூக்கிவாரிப்போடும். நீண்ட சரக்கு ரயிலில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும். அங்கே அந்த ஓட்டமானியையே 92 நாளைக்கு ஒருமுறை சரிபார்க்கச் சட்டம் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

இரண்டு விஷயங்களை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். பிரேக்கை விடுவிக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் மறுபடி நிரம்புவதால் ஓட்டம் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, உண்மையான எழுச்சி வரும்போதும் "இது வழக்கமானதுதான்" என்று எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடக் கூடாது. கைப்பிடியை நான் தொட்டேனா, தொடவில்லையா? அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

இன்னொன்று, எஞ்சினில் இருக்கும் ஓட்டமானி மொத்தக் கசிவைச் சொல்லும். கசிவு எங்கே என்று சொல்லாது. நீண்ட ரயிலில் வால் பக்கம் கசிந்தால், தலையில் 500 இருக்கும்போதே வாலில் அழுத்தம் கணிசமாகக் குறைந்திருக்கும். அதனால்தான் கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டி, அங்குள்ள அழுத்தத்தை வானொலி அலையில் எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். கார்டு வண்டி இருந்த காலத்தில் கார்டு தன் அழுத்தமானியில் பார்த்ததை இப்போது அந்தப் பெட்டி பார்க்கிறது.

நம் தென்னாப்பிரிக்காவில் எர்மெலோவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு இறங்கும் நிலக்கரிப் பாதை 1976-இல் திறக்கப்பட்டது. அதில் 200 வேகன் கோத்த ரயில்கள் ஓடுகின்றன. மின்னணு பிரேக்கை உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் போட்ட பாதைகளில் அதுவும் ஒன்று. இந்த முறையில் பிரேக் போடு, விடு என்ற கட்டளை கம்பி வழியே எல்லா வேகனுக்கும் ஒரே கணத்தில் போகிறது. குழாய் காற்றை ஊட்டுவதற்கு மட்டும். ஒவ்வொரு வேகனும் தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். பழுது எந்த வேகனில் என்று தேடி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. ஹைவெல்ட் மேட்டு நிலத்தின் குளிர்காலக் காலையில், உறைபனியில் ரப்பர் விறைத்து வாஷருக்கு வாஷர் சீறும்போது, வண்டி நெடுக நடந்து கசிவு தேடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கேள்வி: எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து அடிக்கடி "புஸ்" என்று காற்று போகிறது. கசிவா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?
*– வாசகி, கிளேர்வுட்*

விட்டு விட்டு வருகிற "புஸ்" பெரும்பாலும் ஆரோக்கியமான சத்தம், அம்மா. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொட்டியில் தங்கும். கடலோரமான நம் டர்பனில் கேட்கவே வேண்டாம். அதை வெளியேற்றும் வால்வு தானாகத் திறந்து மூடும். பிரேக்கை விடும்போதும் சிலிண்டர் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்.

இடைவிடாமல் ஒரே சுதியில் கேட்கும் மெல்லிய சீறல்தான் கசிவு. அதையும் நாங்கள் காதால் மட்டும் பிடிப்பதில்லை. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் மூட்டுகளில் தடவினால் குமிழி விடும். இதைவிட மலிவான, பொய் சொல்லாத கருவி கிடையாது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே தேட மீயொலிக் கருவிகள் உண்டு. சிறு துளை வழியே பீறிடும் காற்று மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்விலும் ஒலி எழுப்பும். கருவி 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதைப் பிடித்து, நாம் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும். நல்ல கருவிதான். ஆனால் அது காட்டிய இடத்திலும் கடைசியில் சோப்பைத் தடவிப் பார்த்த பிறகே நான் ஸ்பானரை எடுப்பேன்.

கேள்வி: என் தாத்தா ரயில்வேயில் இருந்த காலத்தில் வெற்றிட பிரேக் இருந்ததாகச் சொல்வார். அதிலும் கசிவு எச்சரிக்கை உண்டா?
*– வாசகர், லெனேசியா*

வெற்றிட பிரேக்கில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து பிரேக்கை விடுவிப்பார்கள். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். கசிவு உள்நோக்கி இழுப்பதால் சோப்பு குமிழி விடாது, தேடுவது கடினம். டிரைவருக்கு வெற்றிடமானி ஒன்றுதான் துணை. மேலும், வெற்றிட பிரேக்கின் பலம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. டர்பன் கடற்கரையில் அது 101 கிலோபாஸ்கல். 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 82-தான். மேட்டு நிலத்தில் அதே பிரேக்கின் பிடி குறைவு. உங்கள் தாத்தா காலத்து டிரைவர்கள் இதோடுதான் மலை இறக்கினார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கேள்வி: கரும்பு லாரி வைத்திருக்கிறேன். காற்று குறைந்தால் கத்தும் ஒலிப்பான் ஓயாமல் கத்துகிறது என்று டிரைவர் அதன் கம்பியைக் கழற்றிவிட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ரயிலைப் பற்றியே எழுதும் நீங்கள் இதற்கும் பதில் சொல்வீர்களா?
*– வாசகர், டோங்காட்*

சொல்வேன். கம்பியை இன்றே மாட்டுங்கள். மாட்டும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எஞ்சின் ஒலிப்பானுக்குள் துணி திணித்திருந்ததைக் கண்டேன். கசிவைச் சரிசெய்யப் பழுதுபார்ப்பு அட்டையில் பலமுறை எழுதியும் யாரும் கவனிக்காததால், டிரைவர்கள் சத்தத்தை அடைத்துவிட்டார்கள். டிரைவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதியதைப் படிக்காதவர்கள்மேல் வந்தது. உங்கள் டிரைவரையும் திட்டாதீர்கள். ஒலிப்பான் ஓயாமல் கத்துகிறது என்று அவர் உங்களிடம் முதலில் எப்போது சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள்.

லாரியின் எச்சரிக்கை சுமார் 4 பார் (400 கிலோபாஸ்கல்) அளவில் வரும்படி அமைந்திருக்கும். அதற்கும் கீழே இறங்கினால், 3 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் எங்கோ, ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் இது நல்லது. கரும்பு ஏற்றிக்கொண்டு ஈர மண் பாதையில் இறங்கும்போது பின் சக்கரங்கள் சட்டென்று இறுகினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒலிப்பான் தருவது அதற்கு முந்திய சில நிமிட அவகாசம். அதைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

சோதனை இப்படி. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காற்று முழுவதும் ஏறியதும் எஞ்சினை அணைத்து, நிறுத்தும் பிரேக்கை விட்டு, கால் பிரேக்கை 1 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் தனி லாரிக்கு 3 பவுண்டு, டிரெய்லர் கோத்த வண்டிக்கு 4 பவுண்டு வரைதான் இறங்கலாம். ஏறக்குறைய 20, 28 கிலோபாஸ்கல். அதற்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் போகவேண்டியதுதான். பிறகு சாவியைத் திருப்பி வைத்து, எஞ்சினை ஓட்டாமல், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து அழுத்தத்தை இறக்குங்கள். 4 பார் வருவதற்குள் ஒலிப்பான் கத்த வேண்டும். கத்தாவிட்டால் கம்பி மட்டுமல்ல, அழுத்த சுவிட்சோ ஒலிப்பானோ போயிருக்கலாம். போனதற்குப் புதியதை வாங்கிப் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.